குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் புது அட்மினா? முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் முடிந்து பஜ்ஜியும் காபியும் நடக்கும்போதுதான் வழக்கமாக இது நடக்கும். பழைய செயலாளர் பக்கத்தில் வந்து, "குரூப்பை இனிமே நீங்களே பாத்துக்கோங்க" என்பார். சரி என்று சொல்லி முடிப்பதற்குள் நம் பெயருக்குப் பக்கத்தில் 'குரூப் அட்மின்' என்று வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. 132 வீடுகள், 190 சொச்சம் பேர். தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் ஏன் நின்றுவிட்டது, மொட்டை மாடிக் கதவை யார் பூட்டினார்கள் என்று பேசிக்கொள்ளும் குழு. இதில் என்ன பெரிய பொறுப்பு வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டாவது வாரம் ஒருவர், தன் வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அம்மாவின் ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்துக் குழுவில் போட்டார். "இவங்களை யாருக்காவது தெரியுமா? நம்பலாமா?" என்று கீழே ஒரு வரி. 12 இலக்க எண், பிறந்த தேதி, அப்பா பெயர், தெருப் பெயரோடு முகவரி, முகம், எல்லாம் பளிச்சென்று இருந்தது. நான் பார்த்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் முக்கால்வாசிப் பேர் பார்த்துவிட்டார்கள். பாதிப் பேரின் ஃபோனில் படம் தானாகவே கேலரியில் இறங்கியிருக்கும். நீக்கினேன். ஆனால் கேலரிக்குப் போனதை நான் எப்படி நீக்குவது? அந்த அம்மா எங்கள் வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்க வருகிறவர். மறுநாள் காலை தேய்த்துக்கொண்டே கேட்டார்: "என் கார்டை எல்லாரும் பாத்தாங்களாமே சார், எதுக்கு?" அவர் அந்தக் குழுவிலேயே இல்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். புதிதாக அட்மின் ஆகிறவர்களுக்கு அதை வரிசையாகச் சொல்கிறேன்.

நிற்கிற இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் கூடிப் பேசும் இடங்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நம்மைப் பற்றி மற்றவர்களுக்கு என்ன தெரிகிறது, தப்பாக ஒன்று வந்தால் யார் எடுப்பார்கள் என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

யாழ், ஈகரை மாதிரியான தமிழ்க் கருத்துக்களங்களில் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு முறை தெரியும். அங்கே புனைபெயர் போதும். எழுதியது உலகத்துக்கே திறந்திருக்கும், கூகுளில் தேடினால் கூடக் கிடைக்கும். ஆனால் எழுதியவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று பக்கத்தில் எழுதுகிறவருக்குத் தெரியாது. வரம்பு மீறினால் மட்டுறுத்துநர் வந்து நீக்குவார், இல்லை வேறு பகுதிக்கு நகர்த்துவார். களத்தின் விதிகளும் எழுத்தில் இருக்கும். ரெடிட்டும் ஏறக்குறைய இந்த வகைதான். அங்கே கணக்கை நீக்கினால் பெயர் போய்விடும், எழுதியவை தங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப் இதற்கு அப்படியே தலைகீழ். 2016 ஏப்ரல் முதல் அதில் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் செய்தி பூட்டியே போகிறது. வழியில் நிறுவனமே படிக்க முடியாது. ஆனால் குழுவுக்குள் இருக்கிற ஒவ்வொருவரின் ஃபோன் எண்ணும் மற்ற எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. வெளியே பூட்டு, உள்ளே கதவே இல்லாத வீடு. நடுவில் யாரும் படிக்காததால் தப்பான பதிவைத் தானாக எடுக்கவும் யாரும் கிடையாது. உறுப்பினர் யாராவது புகார் செய்தால்தான் அந்தப் பேச்சின் கடைசி ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குப் போகும். மற்றபடி போட்டவர் நீக்க வேண்டும், அல்லது அட்மின் நீக்க வேண்டும். அந்த அட்மின் இப்போது நீங்கள்.

டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம், ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம். ஆனால் அங்கே குழுப் பேச்சுக்கு அந்த முழுப் பூட்டு கிடையாது. ஃபேஸ்புக் குழுவில் அட்மின் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பதிவு வெளியாகும்படி வைக்கலாம். பெயரில்லாமல் பதிவு போடவும் வழி உண்டு, ஆனால் அட்மின்களுக்குப் பெயர் தெரியும். இது பலருக்குத் தெரியாது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மூடிய குழு என்பதாலேயே மக்கள் அதை வீட்டுக் கூடம் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு பெண் இரவு பதினொரு மணிக்கு, தன் கணவரின் குடிப்பழக்கத்துக்கு நல்ல டாக்டர் யார் என்று எங்கள் குழுவில் கேட்டார். உதவிதான் கேட்டார். ஆனால் அங்கே இருந்த எல்லாருக்கும் அவருடைய வீட்டு எண் தெரியும், கணவரின் முகம் தெரியும், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியும். இப்படிப்பட்ட கேள்விக்குப் புனைபெயரில் கேட்கக்கூடிய களமே நல்லது என்று தனியாக அவரிடம் சொன்னேன். அவர் சம்மதித்த பிறகு செய்தியை நீக்கினேன். மருத்துவர் பெயரை என் மனைவி நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

முதல் நாள்: செட்டிங்ஸைத் திறந்து உட்காருங்கள்

குழுவின் பெயரைத் தொட்டு, குரூப் பெர்மிஷன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். ஒரு குழுவைத் தொடங்கும்போது எல்லாமே தாராளமாகத்தான் இருக்கும்: யார் வேண்டுமானாலும் குழுவின் படத்தை மாற்றலாம், ஆளைச் சேர்க்கலாம். குழு விவரத்தை மாற்றுவதையும் ஆள் சேர்ப்பதையும் அட்மினுக்கு மட்டும் ஆக்குங்கள். புதியவர்களை அட்மின் ஒப்புக்கொண்ட பிறகே சேர்க்கும் வசதியையும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது அழைப்பு இணைப்பு. குழுவில் சேர ஒரு லிங்க் இருக்கும். பழைய செயலாளர் அதை யார் யாருக்கு அனுப்பினார் என்று அவருக்கே தெரியாது. நோட்டீஸ் போர்டில் அச்சடித்து ஒட்டின குடியிருப்புகளையும் பார்த்திருக்கிறேன். 2020 பிப்ரவரியில் இப்படி இணையத்தில் பகிரப்பட்ட ஏராளமான வாட்ஸ்அப் குழு இணைப்புகள் கூகுள் தேடலிலேயே கிடைத்தது பெரிய செய்தியானது. அதனால் பொறுப்பேற்ற அன்றே 'ரீசெட் லிங்க்' கொடுத்துவிடுங்கள். பழைய லிங்க் செத்துவிடும்.

அப்புறம் உறுப்பினர் பட்டியலை வீட்டு எண் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான், எனக்கு இரண்டு மாலை பிடித்தது. ஆனால் பலன் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் ஆறு பேர், வீடு விற்றுத் தரும் தரகர்கள் இரண்டு பேர், யாரென்றே தெரியாத எண்கள் நான்கு எங்கள் குழுவில் இருந்தன. அந்தத் தரகர்களால்தான் வயதான ஒரு தம்பதிக்கு "வீட்டைக் கொடுக்கிறீங்களா" என்று வாரம் தவறாமல் அழைப்பு வந்துகொண்டிருந்திருக்கிறது. நீக்கும் முன் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வரி எழுதுங்கள். கோபம் வராமல் இருக்க அது போதும்.

அட்வான்ஸ்டு சாட் பிரைவசி என்று 2025 ஏப்ரலில் ஒரு வசதி வந்தது. அதைப் போட்டால் குழுப் பேச்சை மொத்தமாக வெளியே எடுக்க முடியாது, படங்கள் தானாகக் கேலரியில் இறங்காது. ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதைத் தடுக்காது. இருந்தாலும் குழந்தைகளின் பிறந்தநாள் படங்கள் 190 ஃபோன்களில் தானாகப் போய் உட்காராமல் இருக்கும், அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

அறிவிப்புக்கும் அரட்டைக்கும் ஒரே குழு இருந்தால் பிரித்துவிடுங்கள். 2022 இறுதியில், பல குழுக்களை ஒரே குடையின் கீழ் சேர்க்கும் கம்யூனிட்டி வசதி வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் அறிவிப்புக்கென்று தனிக் குழு தானாகவே உருவாகும். அதில் அட்மின்தான் எழுத முடியும், உறுப்பினர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. தண்ணீர், மின்தடை, கூட்ட அறிவிப்பு எல்லாம் அங்கே போகட்டும். பேச விருப்பமுள்ளவர்கள் மட்டும் அரட்டைக் குழுவில் சேரட்டும். எங்கள் குடியிருப்பில் தனியாக இருக்கிற சில பெண்கள் அறிவிப்புக் குழுவில் மட்டும் இருக்கிறார்கள். எண்ணைக் கொடுக்காமலேயே தண்ணீர் லாரி நேரம் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

விதி எழுதுங்கள், ஆனால் குட்டியாக

நான் முதலில் எழுதியது இரண்டு பக்கம். ஒருவரும் படிக்கவில்லை. இப்போது இருப்பது ஐந்து வரி, குழு விவரத்திலேயே இருக்கிறது:

குழுவில் இல்லாத யாருடைய படமோ, அட்டையோ, ஃபோன் எண்ணோ அவரைக் கேட்காமல் போடக் கூடாது. மற்றவர் குழந்தையின் படம் பெற்றோரைக் கேட்காமல் கூடாது. இங்கே வந்த செய்தியை வெளியே அனுப்பக் கூடாது. கட்சி, சாதி, மதம் பற்றி இங்கே வேண்டாம். புகார் இருந்தால் ஆளைக் குறிப்பிடாமல் விஷயத்தைச் சொல்லவும், ஆளைப் பற்றி என்றால் அட்மினிடம் தனியாகச் சொல்லவும்.

இதை நான் மட்டும் முடிவு செய்யவில்லை. கூட்டத்தில் வாசித்து, எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் போட்டேன். பின்னால் ஒரு செய்தியை நீக்கும்போது "உங்க இஷ்டத்துக்கு நீக்குறீங்க" என்று யாரும் சொல்ல முடியவில்லை. இன்னொருவரையும் அட்மின் ஆக்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சில புகார்களை என்னிடம் சொல்லத் தயங்கியவர்கள் எங்கள் இரண்டாவது அட்மின் அக்காவிடம் சொன்னார்கள். நள்ளிரவில் "ஹாய்" அனுப்பும் ஒருவரைப் பற்றி எங்களுக்குத் தெரியவந்தது அப்படித்தான். குழுவில் எண் கிடைத்ததால்தானே அனுப்பினார்? அவரை அன்றே நீக்கினோம், சங்கத் தலைவர் நேரில் போய்ப் பேசினார்.

நீக்கும்போது எப்படி நீக்குவது

அட்மின் யாருடைய செய்தியையும் எல்லாருக்கும் நீக்கலாம். 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. நீக்கிய இடத்தில் அட்மின் நீக்கினார் என்று ஒரு வரி நிற்கும், எல்லாரும் பார்ப்பார்கள். போட்டவருக்கு அது தலைகுனிவு. அதனால் அவசரமில்லாத விஷயம் என்றால் முதலில் தனியாக அழைத்துச் சொல்லுங்கள், அவரே நீக்கட்டும். அனுப்பியவருக்கு ஏறக்குறைய இரண்டரை நாள் வரை நீக்க அவகாசம் உண்டு. பெரியவர்களிடம் எழுதிச் சொல்வதைவிடப் பேசிச் சொல்வது நல்லது. "அங்கிள், அதுல அந்தப் பையனோட ஃபோன் நம்பர் தெரியுது, எடுத்துடுங்களேன்" என்றால் உடனே எடுத்துவிடுவார்கள். அதையே குழுவில் எழுதினால் ஒரு வாரம் ஓடும்.

யோசிக்காமல் உடனே நீக்க வேண்டியவை சில உண்டு: ஆதார், பான், வங்கி விவரம், ஓடிபி, மருத்துவ அறிக்கை, ஒருவரின் அந்தரங்கப் படம். இவற்றை நீக்கிவிட்டுப் பிறகு காரணம் சொல்லலாம். அடையாளம் சரிபார்க்க ஆதார் தேவை என்றால், முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதுவும் கேட்டவருக்கு மட்டும் போக வேண்டியது, குழுவுக்கு இல்லை. அந்த வேலைக்கார அம்மாவின் அட்டையைப் போட்டவரிடம் இதைச் சொன்னபோது அவர் நிஜமாகவே வருந்தினார். இப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மாவிடம் அவரே போய் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு எச்சரிக்கை. ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினாலும் அதுவரை வந்த செய்தியும் படமும் அவர் ஃபோனில் அப்படியே இருக்கும். அதனால் ஆளை நீக்குவது கடைசி வழி, முதல் வழி படமே வராமல் பார்த்துக்கொள்வது.

பாக்கிப் பட்டியலும் சிசிடிவியும்

குடியிருப்புகளில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர் பட்டியலை வீட்டு எண்ணோடு குழுவில் போடும் வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. வேலை போனவர், ஆஸ்பத்திரிச் செலவில் இருப்பவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் ஒன்றாகத்தான் நிற்பார்கள். எங்கள் குழுவிலும் நடந்தது. பட்டியலில் இருந்த ஒரு வீட்டுக்காரர் மறு மாதமே வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது பொருளாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் அனுப்புகிறார். குழுவில் போவது மொத்தத் தொகை மட்டும்.

சிசிடிவி துண்டை யாரும் குழுவில் போட அனுமதிக்காதீர்கள். வண்டியில் கோடு போட்டது யார், குப்பையை வெளியே வைத்தது யார் என்று தொடங்கும். பிறகு எந்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள் என்று பார்க்கிற இடத்துக்குப் போகும். பதிவைப் பார்க்கும் உரிமை சங்க நிர்வாகிகள் இருவருக்கு மட்டும் இருக்கட்டும். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

'உடனே பகிரவும்' என்று வந்தால்

இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறேன். 2018-இல் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டியை ஊர் கூடி அடித்தே கொன்றது. வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள், அதுதான் சந்தேகம். அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே வதந்தியில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேச்சுகளுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு பேச்சுக்குத்தான் அனுப்ப முடியும் என்று இன்னும் இறுக்கியது. அப்படிப்பட்ட செய்தியின் மேல் நிற்கும் இரட்டை அம்புக்குறியைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் குழுவில் இரட்டை அம்புக்குறியோடு ஆள், முகம், வண்டி எண் எதுவும் வந்தால் நானோ அக்காவோ உடனே நீக்கிவிடுவோம். உண்மையாக இருக்குமோ என்று கேட்கிறவர்களுக்கு, பகுதிக் காவல் நிலையத்தின் எண்ணைக் கொடுத்து அங்கே கேட்கச் சொல்கிறேன். அட்மின் தூங்கும் நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். பதற்றமான நாட்களில் இரவு பத்து மணிக்கு மேல் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டுக் காலையில் திறந்துவிடுகிறோம்.

சட்டம் பற்றிப் பயம் இருந்தால்

யாரோ போட்ட செய்திக்கு அட்மினைப் பிடிப்பார்களா என்பதுதான் புதியவர்கள் முதலில் கேட்பது. 2021 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, உறுப்பினர் போட்டதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் கரூர் வழக்கறிஞர் குழு ஒன்றின் அட்மின் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை கிளையும் இதையே சொன்னது: அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லை என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும். 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் போனது. ஆனால் நீங்களே பகிர்ந்தாலோ, கூடச் சேர்ந்து தூண்டிவிட்டாலோ இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றி எடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் குற்றம். குழந்தைகள் தொடர்பான ஆபாசம் 67பி பிரிவில் வரும். "ஆதாரத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அதை இன்னொரு அட்மினுக்குக்கூட அனுப்பாதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். குழுவில் வந்த போலி லிங்க்கால் யாராவது பணம் இழந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

ஒரு நாள் நீங்களும் பஜ்ஜித் தட்டோடு வேறு ஒருவரிடம் போய்ச் சொல்வீர்கள். அப்போது அவரை வீட்டுக்கு அழைத்து ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். வீட்டு எண் பட்டியலைக் காட்டுங்கள், லிங்க்கை அவர் கையாலேயே ரீசெட் செய்யச் சொல்லுங்கள், யார் யார் அறிவிப்புக் குழுவில் மட்டும் இருக்கிறார்கள், அவர்களை ஏன் அரட்டைக் குழுவில் சேர்க்கக் கூடாது என்று சொல்லுங்கள். காரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே கேட்டுக்கொண்டது என்றால் போதும். உங்கள் ஃபோனில் புகார்களோடு வந்த ஸ்க்ரீன்ஷாட்டுகள் இருக்கும். முடிந்துபோன விஷயம் என்றால் அவற்றை அழித்துவிட்டு, கூகுள் ஃபோட்டோஸின் குப்பைத் தொட்டியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே இன்னும் சில வாரம் கிடக்கும்.